வேலூரில் ஒரு நாள் கருத்தரங்கு: தொழில் தலைமையும் ஊர் வரலாறும் ஒரே மேடையில், முழுமையான வழிகாட்டி

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி லிங்கத்தை வைத்து வழிபாடு தொடங்கியதோடு முதல் கிண்டல் காலாவதியாகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடி மூன்றாவதற்கும் பதில் சொல்லிவிட்டது. நான் அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன்: சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் இல்லாத கருத்தரங்கு.

எனக்குத் தொழில் அச்சகம். அழைப்பிதழ் அடித்துக் கொடுக்கப் போன இடத்தில், வணிகர் சங்கத்துக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் வேலையும் என் தலையில் விழுந்தது. தொழில் நடத்துபவர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றிய பயிற்சியும், கூடவே ஊர் வரலாறு பற்றி ஓர் உரையும் என்று ஒரே நாளில் சேர்த்து நடத்துவது இப்போது இங்கே பழக்கமாகி வருகிறது. அதைச் சொதப்பாமல் நடத்துவது எப்படி என்பதை, நான் சொதப்பிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். நூறு, நூற்றைம்பது பேர் வரும் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஹால் பிடிப்பதற்கு முன் கேள்வியைப் பிடியுங்கள்

நம் ஊரில் எல்லோரும் ஹாலில்தான் தொடங்குவோம். "ஹால் கிடைச்சாச்சு, யாரைக் கூப்பிடலாம்?" என்ற வரிசை. அப்படித் தொடங்கினால் காலையில் ஒருவர் இலக்கு, உழைப்பு, வெற்றி என்று பேசுவார். மதியம் ஒரு பேராசிரியர் பல்லவர், சோழர், நாயக்கர் என்று பேசுவார். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. தொழில்காரர்கள் மதியம் கிளம்பிவிடுவார்கள். வரலாற்று ஆர்வலர்கள் மதியம்தான் வருவார்கள். ஒரே வாடகையில் இரண்டு அரைக்கூட்டம்.

அதனால் முதலில் ஒரு கேள்வியை எழுதுங்கள். காலை உரையும் மதியப் பயிற்சியும் அந்த ஒரே கேள்வியைத்தான் தொட வேண்டும். எங்களுக்கு நன்றாக வேலை செய்த கேள்வி இது: "கீழே இருப்பவர் சொல்வது மேலே இருப்பவர் காதில் ஏன் விழுவதில்லை?"

இதற்கு வேலூரை விட நல்ல பாடம் வேறு ஊரில் கிடைக்காது. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் நடந்த சிப்பாய் எழுச்சியைப் பள்ளியில் படித்திருப்போம். புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை எடுக்க வேண்டும் என்று வந்த ஆணைகள்தான் பொறி என்பதும் தெரியும். பலருக்குத் தெரியாதது அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள். மே மாதமே சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள். மறுத்தவர்களைப் பிடித்துத் தண்டித்தார்களே தவிர, ஏன் மறுக்கிறார்கள் என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், உள்ளே சதி நடக்கிறது என்று சொல்கிறார். ஃபோர்ப்ஸ் என்ன செய்தார்? விசாரிக்கும் வேலையை இந்திய அதிகாரிகள் கொண்ட ஒரு குழுவிடம் விட்டார். சதியில் இருந்தவர்களே அந்தக் குழுவில் இருந்தார்கள். இந்த ஆளுக்குப் பைத்தியம் என்று அறிக்கை வந்தது. முஸ்தபா பேக்கை அடைத்து வைத்தார்கள்.

ஜூலை 10 விடியும் முன்பே சுடத் தொடங்கிவிட்டார்கள். கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் இருந்த குதிரைப்படையோடு கில்லெஸ்பி காலையில் வந்து சேர்ந்து எழுச்சியை அடக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்களும் முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களும் செத்தார்கள். சென்னை ஆளுநர் பெண்டிங்க்கையும் படைத்தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைப்பாகை ஆணையும் போனது. பைத்தியம் என்று அடைக்கப்பட்ட முஸ்தபா பேக்குக்குப் பிற்பாடு பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை வரலாற்றுப் பேராசிரியர் காலையில் முழுதாகச் சொல்ல வேண்டும். மதியம் பயிற்சி நடத்துபவர் ஒரே கேள்வியைப் போட வேண்டும்: "ஃபோர்ப்ஸ் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், விசாரணையை யாரிடம் கொடுத்திருப்பீர்கள்?" நாங்கள் இதைப் போட்டபோது ஒரு மேசையில் பதில் வரவே இல்லை. அங்கே இருந்த ஷூ உதிரிபாகக் கம்பெனி முதலாளி பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்க ஸ்டோர்ல திருட்டு போகுதுன்னு ஒரு பையன் வந்து சொன்னான். நான் ஸ்டோர் மேனேஜரையே விசாரிக்கச் சொன்னேன்" என்றார். அடுத்த பத்து நிமிஷம் யாரும் ஃபோனைத் தொடவில்லை.

ஊர் வரலாற்றைத் தொழில் பயிற்சியோடு சேர்ப்பதில் உள்ள ஆதாயமே இதுதான். இன்றைய கம்பெனி எதையாவது உதாரணம் காட்டினால் அந்தக் கம்பெனிக்காரரின் மச்சான் ஹாலில் உட்கார்ந்திருப்பார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய கர்னலைப் பற்றிப் பேசினால் யாருக்கும் முகம் சுருங்காது. ஆனால் அவரவர் கடை அவரவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. 1806 பலருக்கும் விடுதலைப் போரின் முதல் பக்கம். ஹஸ்ரத் மக்கான் சந்திப்பில் அதற்கு நினைவுத்தூண் நிற்கிறது. அதை வெறும் மேலாண்மைப் பாடமாகச் சுருக்கினால் சபையில் முணுமுணுப்பு கிளம்பும், கிளம்பவும் வேண்டும். எனவே முதலில் வரலாறு வரலாறாகவே வரட்டும். பயிற்சிக் கேள்வி மதியம் வரட்டும்.

வேறு கேள்விகளுக்கும் ஊரில் சரக்கு உண்டு. "விதிகள் மாறும்போது தொழில் எப்படி மாற வேண்டும்?" என்று எடுத்தால் தோல் தொழில் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம், 1970-களில் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, குரோம் என்ற ரசாயனத்தில் பதனிடுதல் பெருகியது, கழிவு கலந்து பாலாறு கெட்டது, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு என்று ஒரு நீண்ட கோடு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. வட ஆற்காடு உட்பட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் ஹாலில் ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுத் தோல் வியாபாரிகளும் இருப்பார்கள், பாலாற்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். யார் குற்றவாளி என்று கேட்காதீர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போட்டியாளர்களோடு சேர்ந்து பணம் போட எப்படிச் சம்மதித்தீர்கள் என்று கேளுங்கள். அங்கேதான் உண்மையான தலைமைப் பாடம் இருக்கிறது.

"தொடங்கியவர் எப்போது பிடியைத் தளர்த்த வேண்டும்?" என்றால் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும். 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கியது. 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தால்தான் நிலைக்கும் என்ற நிலை வந்து, 1942-ல் உயர்ந்து, 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அப்பா ஆரம்பித்த கடையை நடத்தும் இரண்டாம் தலைமுறைக்காரர்கள் நிறைய வரும் கூட்டம் என்றால் இதை எடுங்கள்.

படி 2: தேதி

இதில் மூன்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்.

முதலாவது கல்யாணப் பஞ்சாங்கம். முகூர்த்த நாளில் ஹாலும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்கமாட்டார், உங்கள் உறுப்பினர்களே நாலு கல்யாணத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆடி மாதம் நமக்குப் பொன் மாதம். ஹால்கள் காலியாக இருக்கும், பேரம் பேசலாம். ஜூலை 10-ஐ ஒட்டி நடத்த விரும்பினால் ஆடி பிறக்கும் முதல் வாரமே பொருத்தமானது. மே மாதத்தை மறந்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படி என்று வெளியூர்க்காரருக்குத்தான் விளக்க வேண்டும்.

இரண்டாவது தொழுகை, நோன்பு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்ற நம் மூன்று மாவட்டத்துத் தோல், காலணி, துணி வியாபாரத்தில் முஸ்லிம் முதலாளிகள் பாதிக்குப் பாதி இருக்கும் கூட்டங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்மா நேரத்துக்கு ஒன்றரை மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் வேறு நாள் பாருங்கள். ரமலானில் வைக்கவே வேண்டாம். ஒருமுறை நாங்கள் கவனிக்காமல் வெள்ளி மதியம் 1 மணிக்குக் கலந்துரையாடலைப் போட்டு, பாதி ஹால் மரியாதையாக எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாவது பௌர்ணமி. கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போகிற கூட்டத்தில் வேலூர் பேருந்து நிலையமே திணறும். அன்று மாலை நிகழ்ச்சி முடிந்து வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பப் படும் பாடு சொல்லி மாளாது.

அப்புறம் லாட்ஜ். பேச்சாளருக்கு முந்தின நாள் தங்க அறை வேண்டுமென்றால் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கியிருக்கும். சத்துவாச்சாரி பக்கமோ காட்பாடி பக்கமோ பத்து நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

படி 3: ஹாலைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு எடுங்கள்

வேலூரில் நாலு வகை ஹால் கிடைக்கும்: ஓட்டல் ஹால், கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், தனி மாநாட்டு மையம், கல்யாண மண்டபம். கல்யாண மண்டபம் மலிவு. ஆனால் அது பேச்சைக் கேட்பதற்காகக் கட்டியதல்ல, மேளம் கேட்பதற்காகக் கட்டியது. நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டல் தட்டிப் பாருங்கள். சத்தம் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தால் அந்த ஹாலில் பயிற்சி நடத்த முடியாது. கல்லூரிக் கூடங்களில் ஒலி நன்றாக இருக்கும். ஆனால் படிக்கட்டு வரிசையில் நாற்காலிகள் தரையோடு பொருத்தப்பட்டிருந்தால் குழுவாக உட்கார முடியாது.

"முந்நூறு பேர் உட்காரலாம் சார்" என்று மேனேஜர் சொன்னால், அது வரிசையாக நாற்காலி போட்ட கணக்கு. அதற்கு ஆளுக்கு 8 முதல் 10 சதுர அடி போதும். வட்ட மேசை போட்டால் 12 முதல் 15 சதுர அடி வேண்டும். பயிற்சி என்றால் வட்ட மேசைதான். எனவே முந்நூறு பேர் ஹால் உங்களுக்கு நூற்றைம்பது, இருநூறு பேர் ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை: ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா, தனியா? ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு? ஏ.சி. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? முந்தின நாள் மாலை மேடை கட்ட உள்ளே விடுவார்களா? வெளிச் சமையல்காரரை அனுமதிப்பார்களா? துப்புரவுக்குத் தனியாக வாங்குவார்களா? எல்லாவற்றையும் ரசீதின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டதால், நிகழ்ச்சி முடிந்த அன்று இரவு டீசலுக்காக ஒரு மேனேஜரோடு நான் தெருவில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். தோற்றேன்.

புரொஜெக்டர் 5000 லூமென்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும். வரலாற்று உரையில் கல்வெட்டுப் படங்கள் வரும். மங்கலான திரையில் கல்வெட்டு வெறும் கருங்கல்லாகத்தான் தெரியும். கையில் பிடிக்கும் மைக் இரண்டு, சட்டையில் குத்தும் மைக் ஒன்று, எல்லாவற்றுக்கும் மாற்று பேட்டரி. படி ஏற முடியாத பெரியவர்களுக்குச் சாய்தளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வரலாற்று உரை கேட்க வருபவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்.

அழைப்பிதழில் வழி போடும்போது ஒரு விஷயம். சென்னை, பெங்களூரு ரயில்கள் நிற்பது காட்பாடி சந்திப்பில். வேலூர் கன்டோன்மென்ட் என்பது விழுப்புரம் பாதையில் உள்ள வேறு நிலையம். "வேலூர் ரயில் நிலையம் அருகில்" என்று போட்டால் வெளியூர்ப் பேச்சாளர் எங்கே இறங்குவார் என்பது அவர் அதிர்ஷ்டம்.

படி 4: பேச்சாளர்கள்

தலைமைப் பயிற்சிக்கு மேடையில் குதித்துக் குதித்துப் பேசுகிறவர் வேண்டாம் என்பது என் கருத்து. கைதட்டச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடி அம்மாவை நினைக்கச் சொல்வார்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போவோம். திங்கட்கிழமை கடையில் ஒன்றும் மாறியிருக்காது. ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் நூறு பேரை வைத்து வேலை வாங்கும் ஒருவரையோ, மருத்துவமனையில் வார்டு நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளரையோ தேடுங்கள். பேசத் தெரியாது என்பார்கள். மேடையில் பேட்டியாக வைத்துவிட்டால் பிரமாதமாகப் பேசுவார்கள்.

வரலாற்று உரைக்கு உள்ளூர்க் கல்லூரிகளில் நல்ல ஆட்கள் உண்டு. தொல்லியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், கல்வெட்டு படிப்பவர்கள், நடுகல் தேடி மலையேறுபவர்கள் எல்லாம் நம் மூன்று மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: கேள்வி இது, கேட்பவர்கள் இன்னார், நேரம் 40 நிமிஷம், கேள்வி பதில் 20 நிமிஷம். நேரில் போய்க் கொடுத்து ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் நாங்கள் தொழில் பேச்சாளருக்குச் சென்னையிலிருந்து கார் அனுப்பினோம், கவரில் கனமாக வைத்தோம். கல்வெட்டு ஐயாவுக்குப் பொன்னாடை மட்டும். அவர் டவுன் பஸ்ஸில் வந்தார். அதோடு போகவில்லை. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று தொடக்க விழாவே எழுபது நிமிஷம் இழுத்தது. அவருக்கு மிஞ்சியது பதினைந்து நிமிஷம். குடையோடு சேர்த்து தினத்தாளில் சுருட்டிக் கட்டிய ஒரு நீளமான பொட்டலத்தைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரிக்காமலேயே பேசி முடித்து இறங்கிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு பையன் "அதுல என்ன சார்?" என்று கேட்டிருக்கிறான். இலை எடுத்த டேபிளைத் துடைக்கச் சொல்லி, மேலே காகிதம் விரித்து, பொட்டலத்தைப் பிரித்தார். நடுகல் ஒன்றின் மைப்படி. கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுத்த முழு அளவுப் படி. கறுப்பில் வெள்ளையாக வில் பிடித்த வீரன், அவன் உடம்பில் தைத்த அம்புகள், மேலே வட்டெழுத்து. கை கழுவப் போனவர்கள் ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் வைத்த கல் என்று அவர் விளக்கினார். வேலைக்காகச் செத்தவன் பெயரை ஊர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது, நம் கம்பெனியில் நாற்பது வருஷம் உழைத்தவனுக்கு என்ன செய்கிறோம் என்று ஒருவர் கேட்டார். மேடையில் நடக்காத கருத்தரங்கு பந்திக்கூடத்தில் நடந்தது.

அன்றிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன். இரண்டு பேச்சாளருக்கும் ஒரே கார், ஒரே கவர். வரலாற்று உரைக்கு, கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருளாவது வேண்டும்: மைப்படி, பழைய காசு, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்துண்டு, எதுவானாலும் சரி.

உரையின் உள்ளடக்கத்தில் தலையிடக் கூடாது. ஆனால் "உலகிலேயே முதல்", "ஆசியாவிலேயே பெரிய" என்று வரும் வரிகளுக்கு மட்டும் எங்கே படித்தீர்கள் என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று எல்லா வீட்டுத் தாத்தாவும் சொல்லியிருப்பார். தொல்லியல் துறைக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கதையைக் கதை என்று சொல்லிச் சொன்னால் சபை இன்னும் ரசிக்கும். அதே விரிஞ்சிபுரம் கோயிலில் நேரம் காட்டும் கல் கண்ணெதிரே இருக்கிறது. சுரங்கத்தை விட அது பெரிய அதிசயம்.

படி 5: நேர அட்டவணை

9.15-க்குப் பதிவு, கையோடு காபி. 9.45-க்குத் தொடக்கம். தொடக்கம் 15 நிமிஷம்தான். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரே ஒருவர் வரவேற்பு. பொன்னாடைகளை எல்லாம் மாலைக்குத் தள்ளுங்கள். பொன்னாடை போர்த்த வேண்டியவர்களும் அப்போதுதான் கடைசி வரை இருப்பார்கள். இது எங்கள் பொருளாளர் கண்டுபிடித்த தந்திரம்.

10 மணிக்கு வரலாற்று உரை. ஆமாம், காலையில். எல்லோரும் இதை மதியத்துக்குத் தள்ளுவார்கள். சாப்பிட்டு முடித்த நேரத்தில் இருட்டாக்கி ஸ்லைடு போட்டால் சோழனே வந்து பேசினாலும் தூக்கம்தான் வரும். 11 மணிக்கு டீ. 11.20-லிருந்து 12.45 வரை உள்ளூர்த் தொழில் தலைவரோடு பேட்டி. சாப்பாடு. 2 மணிக்கு மேசைக்கு எட்டுப் பேர் என்று உட்கார்ந்து காலை உரையை வைத்துக் கலந்துரையாடல். பேசிக்கொண்டே இருப்பவன் தூங்கமாட்டான். 3.30-க்கு முடித்துக் கோட்டைக்குக் கிளம்பலாம்.

மேசைகளில் ஆட்களைக் கலந்து உட்கார வையுங்கள். பெயர் அட்டையில் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் அடியுங்கள். கீழே நிறத்தால் மேசை எண்ணைக் குறியுங்கள். விட்டால் ஆம்பூர்க்காரர்கள் ஆம்பூர் மேசை, குடியாத்தத்துக்காரர்கள் குடியாத்தம் மேசை என்று உட்கார்ந்துவிடுவார்கள். 1989-ல் வட ஆற்காடு பிரிந்து, 2019-ல் வேலூரும் மூன்றாகப் பிரிந்த பிறகு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் சந்திக்கும் இடமே குறைந்துவிட்டது. வியாபாரம் இன்னும் ஒரே மாவட்டமாகத்தான் ஓடுகிறது.

மொழி தமிழ்தான். உருது, தெலுங்கு வீட்டுமொழியாக உள்ளவர்களும் வியாபாரத் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். ஸ்லைடில் ஆங்கிலம் வந்தால் பேச்சாளர் அதைத் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: சாப்பாடு

பிரியாணி போடாமல் இந்தப் பக்கம் கூட்டம் நடத்த முடியாது. ஆம்பூர் பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், தயிர் வெங்காயம். புரட்டாசி என்றால் முழுக்க சைவம் வைத்துவிடுங்கள். சனிக்கிழமை என்றாலும் சைவ இலைகளை அதிகமாகச் சொல்லுங்கள். சைவப் பந்தியை ஓரமாகத் தள்ளி வெஜ் பிரியாணி மட்டும் வைப்பது அவமரியாதை. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் கிடைக்கும் காலமென்றால் அதை வாங்கிக் கொத்சு வைக்கச் சொல்லுங்கள். வேலூர் முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை எழுதி வைத்தால் அதுவும் ஒரு வரலாற்று உரை. ஆற்காடு மக்கன் பேடாவை மதியம் வைக்காதீர்கள். நெய்யும் பாகும் உள்ளே போனால் 2 மணிக் கலந்துரையாடல் அவ்வளவுதான். மாலை டீயோடு ஆளுக்கு ஒன்று.

படி 7: மாலையில் கோட்டை

இதை விட்டுவிடாதீர்கள். இலவசம், ஹாலில் கிடைக்காத காற்றும் கிடைக்கும். கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். நூறு பேரோடு போய் மைக் வைத்துப் பேச, பேனர் கட்ட எல்லாம் அனுமதி வேண்டும். வெறுமனே சுற்றிப் பார்ப்பதென்றால் முப்பது முப்பது பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒருவர் குரலிலேயே விளக்கட்டும். அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அகழியை ஒட்டி நடந்து, திப்புவின் குடும்பத்தைச் சிறை வைத்திருந்த பகுதி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று ஒரு வட்டம் வரலாம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்கள் முன் பத்து நிமிஷம் நில்லுங்கள். ஒற்றைக்கல்லில் யாளி, அதன் மேல் வீரன், கீழே அவன் எதிரி என்று செதுக்கியிருக்கும். கோயில் நூறாண்டுகளுக்கும் மேலாக வழிபாடு இல்லாமல் கிடந்தது, படைக்கலம் வைக்கும் இடமாகக்கூட இருந்தது என்பதை அங்கே நின்று சொன்னால்தான் உறைக்கும். நேரம் மிஞ்சினால் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனைப் பற்றிச் சொல்லுங்கள். 1816-ல் இங்கே கொண்டுவரப்பட்டு 1832-ல் இறக்கும் வரை இந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தான். ராஜா இல்லாத கோட்டை என்ற கிண்டலுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கடைசிக் குழு வெளியே வர 5.30 ஆகிவிடும். பொன்னாடைகளைக் கோட்டை எதிரில் உள்ள பூங்காவில் போர்த்திய வருஷமும் உண்டு. படங்கள் நன்றாக வந்தன.

படி 8: முடிந்த பிறகு

பேச்சாளர்களுக்கான பணத்தை அன்றே கையில் கொடுங்கள். கருத்துப் படிவத்தில் பத்துக் கேள்வி வேண்டாம். அஞ்சலட்டை அளவுக்கு ஒரு அட்டை அடித்து, "உங்கள் கடையில் முஸ்தபா பேக் யார்?" என்று மட்டும் போட்டுக் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருந்தோம். மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து அந்த அட்டை எங்கே என்று கேட்டேன். பலருக்குத் தொலைந்துபோயிருந்தது. சிலர் கல்லாவுக்குள் வைத்திருந்தார்கள். ஷூ உதிரிபாகக் கம்பெனி முதலாளி, "பையனை ஸ்டோருக்கு இன்சார்ஜ் ஆக்கிட்டேன்" என்றார்.

ஹால் முன்பணத்தை மறுநாள் காலையே போய் வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் உடைந்த நாற்காலிகளின் எண்ணிக்கை தானாகக் கூடும்.